விமானி வேலை நேர்காணலும் டைப் ரேட்டிங்கும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.பி.எல். எனும் வணிக விமானி உரிமம் கையில் இருக்கும், வேலை இருக்காது. இந்த நிலையில் உள்ள இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: "இன்னொரு பதினைந்து, இருபது லட்சம் போட்டு டைப் ரேட்டிங் முடித்துவிட்டால் வேலை கிடைத்துவிடுமா?" பண்ருட்டியில் முந்திரித் தோப்பை அடகு வைத்துப் படிக்கவைத்த குடும்பத்துக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. அதனால் பணம் கைமாறும் இடங்களையும் நேர்காணலில் ஆட்கள் வடிகட்டப்படும் இடங்களையும் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

டைப் ரேட்டிங் என்பது என்ன?

பயிற்சிப் பள்ளியில் நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற சின்ன விமானம். அதன் அதிகபட்ச எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். ஏ.டி.ஆர். 72 (ஜெட் அல்ல, முன்விசிறியால் பறக்கும் விமானம்) சுமார் 23 டன், ஏர்பஸ் ஏ320 நியோ 79 டன். இவற்றை ஓட்ட வெறும் சி.பி.எல். போதாது. அந்தக் குறிப்பிட்ட ரகத்தில் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, அதை உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவுதான் டைப் ரேட்டிங்.

ஏ318 முதல் ஏ321 வரை ஒரே ரேட்டிங்கில் அடங்கும். ஏ.டி.ஆர். 42, 72 இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே குடும்பத்துக்குள் பழைய வகையிலிருந்து புதிய வகைக்குப் போகும்போது மட்டும் சிறிய வேறுபாட்டுப் பயிற்சி இருக்கும். போயிங் 737-இல் மேக்ஸுக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான்.

டைப் ரேட்டிங் இருந்தால் வேலை உறுதியா?

உறுதி இல்லை. விமானமே ஓட்டாத புது ரேட்டிங்குக்குத் தனி மதிப்பு மிகக் குறைவு. அந்த ரகத்தை வைத்திருக்கும் நிறுவனம், அந்த மாதம், "டைப் ரேட்டிங் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று ஆள் எடுத்தால் மட்டுமே அது கதவைத் திறக்கும்.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது 737 ஓட்டிய அனுபவசாலிகள் பெருங்கூட்டமாகச் சந்தைக்கு வந்தார்கள். ஏ320 மட்டுமே வைத்திருந்த கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தியபோது ஏ320 விமானிகளுக்கும் அதே நிலை. அந்த நேரங்களில் ஒரு நிறுவனத்தின் மேசைக்கு ஆயிரம் மணி நேரம் பறந்தவரின் விண்ணப்பமும், சிமுலேட்டரில் (தரையில் இருக்கும் போலி காக்பிட்டில்) மட்டும் ஓட்டியவரின் விண்ணப்பமும் சேர்ந்தே வரும். இருவர் உரிமத்திலும் எழுதியிருப்பது ஒரே ரகம்தான். யாரை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, ரேட்டிங் அப்படியே கெடாமல் இருக்கும் பொருள் கிடையாது. பயணிகளோடு பறக்க வேண்டுமானால் கடைசி 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை திறன் சோதனையும் உண்டு. ஒன்றரை வருடம் சும்மா கிடந்த ரேட்டிங்கை உயிர்ப்பிக்க மறுபடி சிமுலேட்டர், மறுபடி செலவு. அதற்குள் கையும் மறந்திருக்கும்.

அப்படியானால் எப்போதுதான் சொந்தச் செலவில் முடிக்கலாம்?

நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனையோடு கூடிய நியமனக் கடிதம் தந்து, "இந்த மையத்தில் பயிற்சி முடித்து வா" என்று சொல்லும்போது. அப்போது போடும் பணத்துக்கு எதிரே ஒரு வேலை நிற்கிறது.

கடிதம் இல்லாமல் போவதில் ஓரளவு நியாயம் இருக்கும் சூழ்நிலை ஒன்று உண்டு. டைப் ரேட்டிங் உள்ள புதியவர்களுக்கான விளம்பரம் இப்போதே வெளிவந்திருக்கிறது, மையத்தில் அடுத்த வாரமே இடம் இருக்கிறது, கடன் வாங்காமல் கட்டும் வசதியும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பதே நல்லது. காத்திருக்கும் காலத்தில் இரட்டை எஞ்சின் தகுதியையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) காலாவதியாகாமல் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு இதில் ஒரு சிறு பங்குதான். ரேட்டிங் இல்லாத புதியவர்களை எடுக்கும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஏ320-ஆ, 737-ஆ, ஏ.டி.ஆர்.-ஆ?

இந்தியாவில் ஏ320 குடும்பத்தின் எண்ணிக்கைதான் அதிகம்: இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். வேலையும் அதிகம், போட்டியும் அதிகம். ஆகாசா முழுக்க 737 மேக்ஸ். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிடமும் ஸ்பைஸ்ஜெட்டிடமும் 737 உண்டு.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வந்து இறங்கும் விமானங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏ.டி.ஆர். பழக்கமானது. 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவை தொடங்கியது அந்த விமானத்தில்தான். அங்குள்ள ஓடுதளம் சுமார் 1500 மீட்டர். ஏ320-க்கு அது போதாது. இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 மூன்றிடமும் ஏ.டி.ஆர். இருக்கிறது. ஜெட் கிடைக்கவில்லையே என்று ஏ.டி.ஆர். வாய்ப்பைத் தள்ளுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. சின்ன ஓடுதளம், குறுகிய தூரம், ஒரு நாளில் பல முறை ஏறி இறங்குவது, அடிக்கடி மேகத்துக்குள் பறப்பது என்று இரண்டு வருடத்தில் அது கற்றுக்கொடுப்பது அதிகம். பின்னர் ஜெட்டுக்கான நேர்காணலிலும் இருவர் சேர்ந்து இயக்கும் விமானத்தில் பறந்த மணிகளாக அவை மதிக்கப்படும்.

பயிற்சியில் என்னென்ன இருக்கும்? எவ்வளவு நாள்?

ஆறு முதல் எட்டு வாரம் என்று சொல்வார்கள். சிமுலேட்டர் நேரம் கிடைக்காவிட்டால் மூன்று நான்கு மாதம்கூட இழுக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் வகுப்பறை. மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், எஞ்சின், பறப்புக் கட்டுப்பாடு என ஒவ்வோர் அமைப்பாகக் கணினி வழியில் படித்து, செயல்திறன், எடை-சமநிலை உட்படத் தேர்வு எழுத வேண்டும். ஏ320-இல் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இதை மனப்பாடம் செய்வது எளிது. பச்சை போனால் எந்தெந்தக் கருவி போகும், தரையிறங்கும் சக்கரத்தை எப்படி இறக்குவது, அதன்பிறகு அதை மேலே தூக்க முடியுமா என்று தொடர்ச்சியாகச் சொல்வதுதான் கடினம். தேர்விலும் நேர்காணலிலும் தோண்டுவது அங்கேதான்.

அடுத்தது அசையாத பயிற்சிக் கருவி. எந்தப் பொத்தான் எங்கே, எந்த வரிசையில் கை போக வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலை யார் படிக்க யார் பதில் சொல்வது என்பதெல்லாம் இங்கே பழகும்.

பிறகு முழுமையாக அசையும் சிமுலேட்டர். ஓர் அமர்வு நான்கு மணி நேரம்: இரண்டு மணி நீங்கள் ஓட்டுவீர்கள், இரண்டு மணி பக்கத்தில் உதவியாக இருப்பீர்கள். இப்படிப் பொதுவாக எட்டு முதல் பத்து அமர்வுகள். ஏறும்போது எஞ்சின் நிற்பது, தீ, அழுத்தம் குறைந்து அவசரமாக இறங்குவது, ஒற்றை எஞ்சினில் தரையிறங்குவது, மறுபடி மேலே ஏறுவது என்று போய்க் கடைசியில் திறன் தேர்வு. ஜோடியாக வருபவர் தயாராகாமல் வந்தால் உங்கள் நேரமும் வீணாகும். முதல் நாளே இருவரும் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விடுதி அறையில் காக்பிட் படத்தை ஒட்டிவைத்து, நாற்காலி இரண்டு போட்டு, கையை நீட்டிக் காட்டிப் பழகுகிறவர்கள் சிமுலேட்டரில் தடுமாறுவது குறைவு.

கடைசியாக, நிஜ விமானத்தில் பயணிகள் இல்லாமல் ஏறி இறங்கும் பேஸ் ட்ரெயினிங். அனுபவம் குறைந்த விமானிக்கு இது தவிர்க்க முடியாதது. பலர் சிக்கிக்கொள்வதும் இதில்தான்.

அதில் என்ன சிக்கல்?

மையத்திடம் சிமுலேட்டர் இருக்கும், சொந்த விமானம் இருக்காது. ஏ320-ஐ ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதே பெரும் தொகை. சிமுலேட்டர் தேர்வில் தேறிச் சான்றிதழும் வந்துவிடும். ஆனால் விமானத்தில் ஏறி இறங்காததால் உரிமத்தில் ரேட்டிங் பதிவாகாது. "டைப் ரேட்டிங் முடித்தவர்" என்று சொல்லிக்கொண்டு உரிமத்தில் அந்த வரி இல்லாமல் இருக்கும் இளைஞர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் இல்லை.

எனவே பணம் கட்டும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணத்தில் பேஸ் ட்ரெயினிங் அடங்குமா? அடங்கினால் எந்த நாட்டில், எந்த விமானத்தில், எத்தனை முறை? அந்தப் பயிற்சி மையத்துக்கும், குறிப்பாக நீங்கள் உட்காரப்போகும் அந்தச் சிமுலேட்டருக்கும் டி.ஜி.சி.ஏ. (உரிமம் தரும் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஒப்புதல் எந்தத் தேதி வரை இருக்கிறது? தேர்வாளர் டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொள்பவரா? தேர்வில் தவறினால் கூடுதல் அமர்வுக்கு எவ்வளவு? ஜோடி கிடைக்காவிட்டால் துணைக்கு உட்காருபவருக்கு யார் பணம் கொடுப்பது? ஜி.எஸ்.டி. உள்ளா, வெளியா? வெளிநாட்டு மையமென்றால் ஒப்புதல் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள்.

இந்தியாவில் சொந்தச் செலவில் முடிக்கிறவர்களிடம் பொதுவாகக் கேட்கப்படும் தொகை 12 முதல் 20 லட்சம் வரை. மிகக் குறைவாகச் சொல்லும் இடத்தில் மேலே சொன்ன ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும்.

வேலைக்கு உத்தரவாதம் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். விமான நிறுவனம் ஆள் எடுப்பது தன் வேலைவாய்ப்புப் பக்கம் வழியாக. இடையில் ஒருவருக்குப் பணம் கொடுத்து உள்ளே போகும் வழி கிடையாது.

கடன் வாங்கினால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

18 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 30,800 ரூபாய். வேலை கிடைக்காமல் அசலைத் தொடாமல் வைத்தாலும் வட்டி மட்டும் மாதம் 16,500. இது சி.பி.எல்.லுக்கு வாங்கிய கடனுக்கு மேலே வருவது என்பதை மறக்காதீர்கள். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். டைப் ரேட்டிங்கை மட்டும் தனிப் படிப்பாக ஏற்பதும் கிளைக்குக் கிளை மாறும்.

வீட்டையோ நிலத்தையோ ஈடு வைப்பதாக இருந்தால், ஒன்றரை வருடம் வேலை இல்லாமலும் தவணை கட்ட வழி இருக்கிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள். இல்லையென்றால், நியமனக் கடிதம் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

நேர்காணல் என்பது எத்தனை கட்டம்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். இணைய விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, கணினியில் மனத்திறன் சோதனை, குழு விவாதம் அல்லது குழுப் பணி, சிமுலேட்டர் மதிப்பீடு, நேர்முகம், மருத்துவம், ஆவணச் சரிபார்ப்பு. சிலர் சிமுலேட்டரை விட்டுவிடுவார்கள்.

மனத்திறன் சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கச் சொல்வார்கள். ஒரு கையால் புள்ளியை நடுவில் நிறுத்திக்கொண்டே, காதில் விழும் எண்களைக் கூட்ட வேண்டியிருக்கும். பயிற்சிக்குப் பத்து நாள், தினமும் அரை மணி போதும். அதற்கு மேல் செய்தாலும் மதிப்பெண் பெரிதாக ஏறாது. எழுத்துத் தேர்வுக்குத்தான் மாதக்கணக்கில் தயாராக வேண்டும்.

பெயரில் இனிஷியல் இருப்பது பிரச்சினையா?

தமிழ்நாட்டு, புதுச்சேரிப் பிள்ளைகள் வேலை விஷயத்தில் அதிகம் அலைவது இதற்காகத்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயரின் இடத்தில். ஆதாரில் அப்பா பெயர் முன்னால். வெளிநாட்டில் பயின்றவர் என்றால் அந்நாட்டு உரிமத்தில் அப்பா பெயரே முதற்பெயராக மாறியிருக்கும். நான்கு ஆவணம், நான்கு பெயர். நமக்கு ஒரே ஆள்தான். ஆவணம் சரிபார்க்கும் தில்லி அலுவலருக்கு நான்கு பேர்.

இதைச் சரிசெய்ய வேண்டிய நேரம் டி.ஜி.சி.ஏ.யில் கணினி எண் (தேர்வு எழுதுவதற்கான பதிவு எண்) வாங்குவதற்கு முன்பு. முதலில் பாஸ்போர்ட்டை இறுதி செய்யுங்கள். மற்ற எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. பள்ளிச் சான்றிதழை மாற்ற முடியாத இடத்தில் "இந்த இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். எங்காவது அதை ஏற்காவிட்டால் அரசிதழில் பெயர் வெளியிடுவதுதான் வழி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் தொடங்கக் கூடாது.

மாநில வாரியத்தில் படித்தவர்கள் பிளஸ் டூ மதிப்பெண் சான்றின் உண்மைத்தன்மைச் சான்றைச் சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் வாங்க வேண்டும். புதுச்சேரி, காரைக்காலில் தமிழ்நாட்டு வாரியத்தின் கீழ் எழுதியவர்களுக்கும் அதே அலுவலகம்தான். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தாக வேண்டும்.

லாக்புக்கில் (பறந்த மணிக் கணக்கை எழுதும் ஏட்டில்) எதைப் பார்ப்பார்கள்?

கூட்டுத்தொகையை. சி.பி.எல்.லுக்கு மொத்தம் 200 மணி. அதில் 100 மணி நீங்களே பொறுப்பு விமானி. 20 மணி தொலைதூரப் பறப்பு. அதில் 300 நாட்டிகல் மைலுக்கு (கடல் மைல்) குறையாத ஒரு பயணம். 10 மணி கருவி வழி, 5 மணி இரவு. இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பத்தியில் ஏறி, பக்கம் பக்கமாகக் கூடி, கடைசிப் பக்கத்தில் சரியாக வர வேண்டும். ஒரு பக்கத்தில் 1:40-ஐ 1.4 என்று எழுதிவிட்டால் (அது 1.7) அதன்பின் எல்லாப் பக்கமும் தவறும்.

அடித்துத் திருத்திய இடத்தில் மேலெழுதக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். பள்ளியை விட்டு வந்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைப்பது பெரும்பாடு. நேர்காணலில் லாக்புக்கைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்து, "இந்தப் பறப்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். உண்மையில் பறந்தவருக்கு அது சுலபம். பறக்காத மணிகளைச் சேர்த்து எழுதியவர் அங்கேயே பிடிபடுவார். அது வேலையோடு நிற்காமல் உரிமத்துக்கும் ஆபத்து.

தொழில்நுட்பக் கேள்விகள் எப்படி இருக்கும்?

சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதைவிட, மனக்கணக்காகப் போடச் சொல்வது அதிகம். "உங்கள் ஊர் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம்" என்று தொடங்கினால் புதுச்சேரிக்காரர்களுக்கு வசதி. நான்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஓடுதளம் 07, அதாவது திசை 070. மதியம் கடற்காற்று 110 டிகிரி திசையிலிருந்து 15 நாட் (மணிக்கு இத்தனை நாட்டிகல் மைல்). பக்கவாட்டுக் காற்று எவ்வளவு? கோணம் 40 டிகிரி. சைன் மதிப்பு சுமார் 0.64, எனவே 10 நாட்டுக்குக் கொஞ்சம் கீழே, வலது பக்கத்திலிருந்து. எதிர்க்காற்று 11 நாட்டைத் தாண்டும். உடனே அடுத்த கேள்வி வரும்: "ஏன் மதியம்தான் இந்தக் காற்று?" நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடல் பக்கக் காற்று வருகிறது. இரவில் தலைகீழ்.

கத்திரி வெயிலில் 38 டிகிரி, கடல் மட்டம். அடர்த்தி உயரம் எவ்வளவு? கடல் மட்டத் தர வெப்பநிலை 15; வித்தியாசம் 23; டிகிரிக்கு 120 அடி வீதம் சுமார் 2760 அடி. விமானத்துக்குத் தான் ஒரு மலையூர் ஓடுதளத்தில் இருப்பதுபோல் இருக்கும்: எஞ்சினுக்கும் இறக்கைக்கும் காற்று மெலிது, ஓட வேண்டிய தூரம் நீளும். 1500 மீட்டர் ஓடுதளத்தில் அதன் விளைவு, பயணியையோ சரக்கையோ குறைப்பது. இந்தக் கடைசி வாக்கியம் வரை சொல்பவருக்குத்தான் முழு மதிப்பெண்.

35,000 அடியிலிருந்து 3,000-க்கு இறங்க எங்கே தொடங்குவது? இறங்க வேண்டியது 32 ஆயிரம் அடி; அந்த 32-ஐ மூன்றால் பெருக்கினால் 96 நாட்டிகல் மைல். வேகம் குறைக்கப் பத்து சேர்த்து 106. பின்காற்று இருந்தால் இன்னும் முன்கூட்டி. கடைசி அணுகலில் தரைவேகம் 140 நாட் என்றால் ஐந்தால் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 700 அடி.

மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மணிக்கணக்கில் நகராமல் நின்று 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி நீர் தேங்கிய ஓடுதளத்தில் சக்கரம் நீரின் மேல் வழுக்கத் தொடங்கும் வேகம் என்ன? டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்க வேண்டும். 200 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 127 நாட். ஏ320 தரை தொடும் வேகம் பெரும்பாலும் அதற்கு மேல் என்பதால், உறுதியாகத் தரை தொட்டு, உடனே ஸ்பாய்லரும் (இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகள்) ரிவர்சரும் (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) வந்தனவா என்று பார்க்க வேண்டும். மெதுவாக வருடி இறக்கப் பார்ப்பது இங்கே ஆபத்து.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, இதை இந்தக் கையேட்டில் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். ஊகத்தை உறுதியான குரலில் சொல்பவரோடு பக்கத்து இருக்கையில் உட்கார எந்தக் கேப்டனும் விரும்பமாட்டார்.

சிமுலேட்டர் மதிப்பீட்டில் ஏன் தவறுகிறார்கள்?

பெரும்பாலும் கை அதிகமாக ஆடுவதால். செஸ்னாவில் பழகிய கை, சின்ன விலகலுக்கும் பெரிதாகத் திருத்தும். விமானம் கனமானது, பதில் தாமதமாக வரும். அதற்குள் இன்னொரு திருத்தம் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது திருத்தத்தில் உயரம், வேகம், திசை மூன்றும் கைவிட்டுப் போயிருக்கும்.

மூக்கின் கோணத்தையும் எஞ்சின் விசையையும் முதலில் வையுங்கள், நிலைக்க விடுங்கள், பிறகு பாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் உரிய கோணமும் விசையும் முன்பே அனுப்பப்படும் குறிப்பில் இருக்கும். அதை இரவே மனப்பாடம் செய்ய வேண்டும். குறிக்கோள்: விலகல் உயரத்தில் 100 அடி, திசையில் 5 டிகிரி, வேகத்தில் 5 நாட்டுக்குள் இருப்பது. 45 டிகிரி சாய்த்துத் திரும்பும்போது எடை 1.41 மடங்காகும், பின்னால் இழுக்காவிட்டால் உயரம் இறங்கும், விசை சேர்க்காவிட்டால் வேகம் இறங்கும். 737 சிமுலேட்டர் என்றால் டிரிம் சக்கரத்தை (கையில் படும் அழுத்தத்தைச் சமன் செய்வது) மறக்காதீர்கள். ஏ320-இல் இயல்பான நிலையில் அது தானாகச் சரிசெய்துகொள்ளும். அதனால் பக்கக் கட்டையை (கைக்குப் பக்கத்தில் இருக்கும் சைட் ஸ்டிக் எனும் கட்டுப்பாட்டுக் கோல்) விட்டுவிடும் பழக்கம் வேண்டும்.

துல்லியமாக ஓட்டுகிறவரைவிட, தவறியதைத் தானே கண்டு, வாய்விட்டுச் சொல்லி, திருத்துகிறவரைத்தான் மதிப்பீட்டாளர் தேடுகிறார். முதல் முயற்சியில் சொதப்பி, சொல்லிக் கொடுத்ததும் இரண்டாவதில் நன்றாகச் செய்தவர்கள் தேறுவது வழக்கமே.

"கேப்டன் தவறு செய்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டால்?

பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். "மரியாதையாக எடுத்துச் சொல்வேன்" என்பது பாதிப் பதில்தான். படி இருக்கிறது: விலகலைக் கண்டதும் நிலையான சொற்களில் அறிவிப்பது, பதில் இல்லையென்றால் மறுபடி, அழுத்தமாக; தரைக்கு அருகில் இரண்டாவது அறிவிப்புக்கும் பதில் இல்லையென்றால், கேப்டன் செயலிழந்துவிட்டார் என்று கருதிக் கட்டுப்பாட்டை எடுத்து, மேலே ஏறுவது. பல நிறுவனங்களில் கருவி வழிப் பறப்பில் 1000 அடிக்கும், கண்பார்வையில் 500 அடிக்கும் முன் விமானம் இறங்குவதற்குரிய பாதையிலும் வேகத்திலும் நிலைபெறாவிட்டால் மேலே ஏறியே ஆக வேண்டும் என்பது விதி. அந்த எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர் ஆங்கில நேர்காணலில் நிற்க முடியுமா?

முடியும். உரிமத்துக்குத் தேவை ஆங்கிலத் தேர்ச்சியில் குறைந்தது நிலை 4. உச்சரிப்பில் தமிழ் வாடை இருப்பது குற்றமில்லை, மற்றவருக்குப் புரிந்தால் போதும். குறையாகப் படுவது, நீளமாகப் பேசத் தொடங்கி நடுவில் வாக்கியம் அறுந்துபோவது. சின்னச் சின்ன வாக்கியமாக, ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைச் சொல்லிப் பழகுங்கள். தினமும் ஒரு அமைப்பைத் திறந்து, கைபேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேட்டாலே இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். இந்திய உரிமம் எடுக்கலாமா, ஐரோப்பிய உரிமமா?

எங்கே வேலை பார்க்கப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவருக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் வேலை செய்யும் உரிமை இருக்கிறது. அது பெரிய சொத்து. அங்கே பறக்க ஐரோப்பிய உரிமம் வேண்டும்: ஏ.டி.பி.எல். (விமான நிறுவன விமானி உரிமம்) பாடங்கள் 13, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம். இந்திய சி.பி.எல். எடுத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்தப் பாடங்களை எப்படியும் எழுதியாக வேண்டும். இந்திய நிறுவனங்களின் புதியவர்களுக்கான விளம்பரங்களோ பெரும்பாலும் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கேட்கும். இரண்டு பக்கமும் கால் வைத்து இரண்டு மடங்கு செலவு செய்ய வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனையை எப்போது முடிப்பது?

பறக்கும் பயிற்சிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன். முதலில் வகுப்பு 2 மருத்துவச் சான்று, பிறகு வகுப்பு 1. கண், காது, இதயம், இரத்த அழுத்தம் எதிலாவது குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

வேலையில் சேர்ந்தபின் விட்டு விலக முடியுமா?

கோ-பைலட் ஆறு மாதமும், கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ. விதி. நிறுவனச் செலவில் டைப் ரேட்டிங் முடித்திருந்தால் தனியாகப் பயிற்சி ஒப்பந்தமும் இருக்கும். அதில் பார்க்க வேண்டியது: விலகினால் கட்ட வேண்டிய தொகை வருடா வருடம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுதாக நிற்கிறதா? நிறுவனம் மூடப்பட்டாலோ உங்களை நீக்கினாலோ என்ன ஆகும்? பிணையாக அப்பா கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவருக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிப் புரியவைத்த பிறகே பேனாவைக் கொடுங்கள்.

ஒருமுறை நிராகரித்தால் மறுபடி எப்போது?

நிறுவனத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம். எந்தக் கட்டத்தில் தவறினீர்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். கேட்ட கேள்விகளையும் நினைவிருக்கும்போதே குறித்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் தவறியவருக்கும் சிமுலேட்டரில் தவறியவருக்கும் அடுத்த ஆறு மாத வேலை வேறு வேறு. முதலாமவர் புத்தகத்தோடு உட்கார வேண்டும். இரண்டாமவர் பத்துப் பதினைந்து மணி நேரம் ஒரு எளிய கருவிப் பயிற்சி சிமுலேட்டரில், தானியங்கி இல்லாமல், ஐ.எல்.எஸ். அணுகலையே (ஓடுதளத்தின் வானொலிக் கற்றையைப் பின்பற்றி இறங்குவது) திரும்பத் திரும்ப ஓட்டுவது நல்லது. டைப் ரேட்டிங்குக்குக் கட்ட நினைத்த பணத்தில் இது ஒரு சிறு துண்டுதான்.